கஞ்சன் கற்ற உவமை



டிசம்பர்த் திங்கள் பிறந்துவிட்டால், ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் ஒரு நாடகம் ஆண்டுதோறும் தவறாமல் மேடை ஏறுகிறது. பெருநகரத்து அரங்குகளில் தேர்ந்த நடிகர்கள் அதனை நடிக்கின்றனர்; சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் மாணவர்களும் நடிக்கின்றனர். அதன் கதையை அறியாதவர் அந்நாடுகளில் அரியர். முடிவு இன்னதென்று நன்கு தெரிந்திருந்தும், தெரிந்த பாட்டை மீண்டும் கேட்பார் போல, மக்கள் சென்று அமர்கின்றனர். சார்ல்ஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிறிஸ்துமஸ் கரோல்' என்னும் சிறுகதை நூலினின்று பிறந்த நாடகமே அது.

பள்ளிகளில் இந்நாடகத்தைப் பாடமாக வைக்கும்போது, இருவகை வினாக்களைக் கேட்பது வழக்கம். தலைமைப் பாத்திரத்தின் பண்புகள் யாவை என்பது ஒன்று. இதில் வரும் உவமை, உருவகங்களை எடுத்துக் காட்டுக என்பது மற்றொன்று. மாணவரும் ஒரு தாளில் இரண்டு பத்திகள் வரைந்து, இடப்புறம் பண்புகளையும் வலப்புறம் அணிகளையும் எழுதி முடித்துவிடுகின்றனர். இவ்விரண்டு பத்திகளுக்கும் இடையே உள்ள உறவை யாரும் கேட்பதில்லை. அந்த உறவிலேதான் நாடகத்தின் உயிர் இருக்கின்றது என்பது என் கருத்து. அதனை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் நூல் பிறந்த வரலாற்றைச் சிறிது காண்போம். டிக்கன்ஸ் 1812-இல் பிறந்தவர். அவருக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, 1824-இல், அவருடைய தந்தையார் கடனைத் தீர்க்க இயலாமல் லண்டனில் மார்ஷல்சி என்னும் கடனாளிச் சிறையில் அடைக்கப்பட்டார். சிறுவன் பள்ளியை விட்டு, காலணி மெருகு செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்குச் சென்றான். அந்த நாட்களின் துயரம் அவர் உள்ளத்தை விட்டு என்றும் அகலவில்லை.

1843-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்யும் குழந்தைகளின் நிலை பற்றி அரசு ஆணைக்குழுவின் அறிக்கை ஒன்று வெளிவந்தது. அதனைப் படித்த டிக்கன்ஸ் நெஞ்சம் கொதித்தார். ஏழைக் குழந்தைகளுக்காக நாட்டு மக்களை வேண்டித் துண்டுப் பிரசுரம் ஒன்று எழுத எண்ணினார். அதே ஆண்டு லண்டனில் பீல்டு லேன் என்னும் இடத்தில் ஏழைச் சிறுவர்களுக்கென நடந்த கந்தல் பள்ளியையும் சென்று கண்டார். பிறகு தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். பிரசுரம் எழுதினால் சிலர் படிப்பர், சிலர் தலையசைப்பர், அவ்வளவே. கதை எழுதினால் அது வீட்டுக்குள் நுழையும், அடுப்பங்கரையில் அமரும். அக்டோபரில் தொடங்கி ஏறக்குறைய ஆறு வாரங்களில் எழுதி முடித்தார். டிசம்பர் 19 அன்று நூல் வெளிவந்தது. கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் மாலைக்குள் ஆறாயிரம் படிகளும் விற்றுத் தீர்ந்தன.

நூலின் விலை ஐந்து ஷில்லிங். கதையில் வரும் குமாஸ்தாவின் வாரச் சம்பளம் பதினைந்து ஷில்லிங். ஆகவே, தன்னைப் பற்றிய கதையை வாங்கிப் படிக்க வேண்டுமாயின் அந்தக் குமாஸ்தா வார வருவாயில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும்! எளிய மக்களிடம் இக்கதையைக் கொண்டு சேர்த்ததில் மேடைக்குப் பெரும் பங்கு உண்டு. நூல் வெளிவந்து ஏழு வாரங்கள் ஆகுமுன், 1844 பிப்ரவரி 5 அன்று, லண்டனில் ஒரே நாளில் மூன்று அரங்குகளில் நாடகமாயிற்று. அவற்றுள் எட்வர்டு ஸ்டர்லிங் என்பார் அமைத்தது டிக்கன்ஸின் இசைவு பெற்றது. பின்னாளில் டிக்கன்ஸே 1853 முதல் தாம் இறந்த ஆண்டாகிய 1870 வரை, மக்கள் கூடிய அவைகளில் இக்கதையைப் பாத்திரங்களின் குரலில் படித்துக் காட்டிவந்தார். அமெரிக்க வானொலியில் லயனல் பாரிமோர் என்னும் நடிகர் 1934-இல் தொடங்கி, இடையில் ஓரிரு ஆண்டுகள் நீங்கலாக, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இதன் தலைவனுக்குக் குரல் கொடுத்தார். மேடைக்கும் வானொலிக்கும் இக்கதை புதியதன்று.

இனி நாடகத்துக்குள் நுழைவோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள். லண்டன் நகரம் பனிமூட்டத்தில் மூழ்கியிருக்கிறது. எபனேசர் ஸ்க்ரூஜ் என்னும் முதிய வணிகர் தம் அலுவலகத்தில் அமர்ந்திருக்கிறார். அவருடைய கூட்டாளி ஜேக்கப் மார்லி இறந்து அன்றோடு ஏழு ஆண்டுகள். பக்கத்துச் சிற்றறையில் குமாஸ்தா பாப் கிராட்சிட் குளிரில் விறைத்தபடி எழுதிக்கொண்டிருக்கிறான். அவனுடைய கணப்பில் நெருப்பு மிகச் சிறிது. ஒரே ஒரு நிலக்கரித் துண்டு எரிவது போல் தோன்றுகிறது. மேலும் கரி இடலாமெனில், கரிப்பெட்டி முதலாளியின் அறையில் இருக்கிறது.

ஒரு பாத்திரத்தின் இயல்பை நாம் நான்கு வழிகளில் அறியலாம். அவன் பேசும் பேச்சு ஒன்று. செய்யும் செயல் ஒன்று. அவனைப் பற்றிப் பிறர் கூறுவது ஒன்று. அவனைச் சூழ்ந்து கிடக்கும் பொருள்கள் ஒன்று. ஸ்க்ரூஜின் கரிப்பெட்டி இந்த நான்காம் வகையைச் சேர்ந்தது. ஒரு சொல்லும் பேசாமல் அது அவருடைய வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பெட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறர் கூற்று என்னும் வகையில், கதாசிரியர் தொடக்கத்திலேயே ஸ்க்ரூஜின்மேல் உவமைகளை அடுக்குகிறார். கடினத்துக்கும் கூர்மைக்கும் சிக்கிமுக்கிக் கல்லை உவமையாக்குகிறார். எவரோடும் ஒட்டாமல் தன்னுள்ளே அடங்கிக் கிடப்பதற்குச் சிப்பியைக் கூறுகிறார். உடம்பின் உட்குளிர் வெளியே வந்து புருவத்திலும் தலையிலும் உறைபனியாகப் படிந்திருப்பதாக வருணிக்கிறார். கோடையின் உச்சத்திலும் அவர் அலுவலகம் அவர் கொண்டுவரும் குளிரால் உறைந்து கிடக்குமாம்.

தொல்காப்பியர் உவமை பிறக்கும் வகைகளை வினை, பயன், வடிவம், நிறம் என நான்காக வகுத்தார். அதனோடு நில்லாமல், உவமை எந்த உள்ளநிலையினின்று எழுகிறது என்பதையும் ஆராய்ந்தார். சிறப்பு, நலன், காதல், வலிமை ஆகிய நான்கும் உவமையின் நிலைக்களங்கள் என்றார். அவற்றோடு, ஒரு பொருளைத் தாழ்த்திக் காட்டும் கருத்தையும் ஐந்தாவதாகச் சேர்த்தார். டிக்கன்ஸ் தொல்காப்பியத்தை அறிந்தவர் அல்லர். எனினும் அந்த ஐந்தாம் நிலைக்களத்தை விளக்க ஸ்க்ரூஜின் அறிமுகத்தைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. மனிதன் கல்லாகிறான், சிப்பியாகிறான், கடுங்குளிராகிறான். உவமை ஒவ்வொன்றும் அவனை மனித நிலையினின்று ஒருபடி கீழே இறக்குகிறது.

ஆயினும் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும. சிக்கிமுக்கிக் கல் கடினமானதுதான். ஆனால் அதனுள் நெருப்பு உறங்குகிறது. இதுவரை எந்த எஃகும் அதிலிருந்து ஈகையின் பொறியை எழுப்பவில்லை என்றே ஆசிரியர் குறிப்பிடுகிறார். பொறியே இல்லை என்று அவர் சொல்லவில்லை. சிப்பி மூடிக் கிடப்பதுதான். ஆனால் முத்து விளைவதும் சிப்பியிலேயே. உறைபனியோ, வெயில் பட்டால் உருகுவது. தாழ்த்துவதற்காக வந்த இந்த உவமைகளுக்குள்ளேயே உயர்வுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. அவை ஸ்க்ரூஜின் குற்றத்தைக் கூறுவதோடு அவருடைய எதிர்காலத்தையும் முன்னறிவிக்கின்றன.

இங்கே மேடைக்கு ஒரு சிக்கல் எழுகிறது. கதையில் இவ்வுவமைகளைக் கூறுபவர் ஆசிரியர். நாடகத்தில் ஆசிரியர் இல்லை. ஆகவே சில நாடக ஆசிரியர்கள் இப்பகுதியை அறவே விட்டுவிடுகின்றனர். சிலர் கதைசொல்லி ஒருவரை மேடையில் நிறுத்துகின்றனர். அமெரிக்க நாடக ஆசிரியர் இஸ்ரேல் ஹோரோவிட்ஸ், இறந்துபோன மார்லியையே முதலில் தோன்றச் செய்து, அவையோரை நோக்கிப் பேசுமாறு அமைத்தார். இது நல்ல உத்தி. கூட்டாளியின் குற்றத்தைக் கூட்டாளியே கூறும்போது, பழிப்பில் இரக்கமும் கலந்துவிடுகிறது.

இனி ஸ்க்ரூஜின் பேச்சைக் கேட்போம். பிறர் அவரைப் பற்றிப் பேசும்போது உவமைகள் பொங்கி வழிகின்றன. அவர் பேசும்போதோ, எண்ணும் கணக்குமே முன்னால் வந்து நிற்கின்றன. மருமகன் பிரெட் குளிரில் விரைந்து நடந்து வந்த வெம்மையோடு உள்ளே நுழைந்து வாழ்த்துக் கூறுகிறான். கிறிஸ்துமஸ் என்பது வயது ஓர் ஆண்டு கூடுவதையும், செல்வம் சிறிதும் கூடாமையையும் காட்டும் நாள் என்று மாமன் விடை கூறுகிறார். குமாஸ்தா ஒருநாள் விடுமுறை கேட்டால், வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் கொடுப்பது சட்டைப்பையில் திருடுவதற்கு ஒப்பாகும் என்கிறார். அவர் சொல்லும் ஒப்புமையும் பணப்பையைச் சுற்றியே வருகிறது! ஏழைகளுக்கு நன்கொடை கேட்டு இருவர் வருகின்றனர். சிறைகள் இல்லையா, வறியோரை அடைத்து வேலை வாங்கும் விடுதிகள் இல்லையா என்று கேட்கிறார். அங்கே செல்வதைவிடச் சாவதையே பலர் விரும்புவர் என்று அவர்கள் கூறியதும், அப்படியாயின் செத்து, மிகையான மக்கள்தொகையைக் குறைக்கட்டும் என்று முடிக்கிறார்.

இது ஸ்க்ரூஜ் ஒருவரின் கொடுமை மட்டும் என்று எண்ணிவிடலாகாது. 1834-இல் இங்கிலாந்தில் நிறைவேறிய புதிய வறியோர் சட்டம் உதவி வேண்டுவோரை அத்தகைய விடுதிகளுக்கு அனுப்பியது. அங்கே கணவனும் மனைவியும் பிரித்து வைக்கப்பட்டனர். பெற்றோரும் பிள்ளைகளும் பிரிக்கப்பட்டனர். மக்கள்தொகை உணவைவிட விரைந்து பெருகும் என்ற மால்தஸின் கொள்கை கற்றோரிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. ஸ்க்ரூஜ் பேசுவது அக்காலத்து அறிவாளிகள் பலர் பேசிய பேச்சு. 'மிகை' என்ற சொல்லுக்கு முகம் இல்லை, பசி இல்லை, பெயரும் இல்லை. பேரேட்டில் எழுதும் எண்ணைப் போல அதனைக் கூட்டலாம், கழிக்கலாம். மனிதரை எண்ணாக மட்டும் காண்பதே ஸ்க்ரூஜின் நோய். பொருளாசை அந்நோயின் ஓர் அறிகுறி.

அன்றிரவு அவர் வீடு திரும்புகிறார். கதவைத் தட்டும் இரும்பு வளையத்தில் மார்லியின் முகம் தெரிகிறது. சிறிது நேரத்தில் மார்லியின் ஆவியே சங்கிலியை இழுத்துக்கொண்டு வருகிறது. அந்தச் சங்கிலி எதனால் ஆனது? பணப்பெட்டிகள், சாவிகள், பூட்டுகள், பேரேடுகள், பத்திரங்கள், எஃகினாலான கனத்த பணப்பைகள். வாழும் நாளில் தானே விரும்பி, கண்ணி கண்ணியாகச் செய்து அணிந்துகொண்டதாக ஆவி கூறுகிறது. ஸ்க்ரூஜின் சங்கிலி இதைவிட நீளமானதென்றும் எச்சரிக்கிறது.

பொருளாசை ஒருவனைக் கட்டிப்போடும் என்று சொன்னால் அது அறவுரை. ஆசைச் சங்கிலி என்று சொன்னால் அது உருவகம். அந்தச் சங்கிலியையே மேடையில் இழுத்து வந்தால், அது நாடகம். காகிதத்தில் இருந்த அணி கண்ணுக்குத் தெரியும் பொருளாகிவிடுகிறது. வானொலியிலோ கண்ணும் வேண்டுவதில்லை. இருளில் இரும்பு உராயும் ஓசை ஒன்றே போதும். கேட்பவர் ஒவ்வொருவரும் தத்தம் சங்கிலியை எண்ணிக்கொள்வர்.

ஸ்க்ரூஜ் உடனே நம்பிவிடவில்லை. செரிக்காத உணவினால் தோன்றிய மயக்கம் இது என்று ஆவியிடமே வாதிடுகிறார். எல்லாவற்றையும் 'புரட்டு' என்று ஒரே சொல்லால் ஒதுக்குவது அவர் வழக்கம். ஆவி மறைந்த பிறகு, அதே சொல்லைச் சொல்ல வாயெடுக்கிறார். முதல் அசையோடு நின்றுவிடுகிறார். அந்தப் பாதிச் சொல்லில் ஒரு பெரிய மாற்றத்தின் தொடக்கம் அடங்கியிருக்கிறது. நடிகர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடலாகாது.

இங்கே ஒரு தடையை எதிர்கொள்ள வேண்டும். அறுபது ஆண்டுப் பழக்கம் ஓர் இரவில் மாறுமா? அச்சத்தால் வந்த மாற்றம் நிலைக்குமா? இவ்வினாவை எழுப்பும் திறனாய்வாளர் பலர். கதையின் படிகளை ஒவ்வொன்றாகக் கண்டால் இதற்கு விடை கிடைக்கும்.

முதல் ஆவி சென்ற காலத்தைக் காட்டுகிறது. விடுமுறைக்கு எல்லாரும் வீடு சென்றுவிட்ட பள்ளியில் ஒரு சிறுவன் தனித்திருந்து படித்துக்கொண்டிருக்கிறான். அவன் இளமை ஸ்க்ரூஜ். அந்தச் சிறுவனைக் கண்டு முதியவர் அழுகிறார். அழுத பிறகு அவர் கூறுவது கவனிக்கத்தக்கது. முந்திய மாலை தம் கதவருகே ஒரு சிறுவன் வந்து கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினான் என்றும், அவனுக்கு ஏதேனும் கொடுத்திருக்கலாம் என்றும் சொல்கிறார். அவனை அவர் கோலை ஓங்கி விரட்டியதை நாம் முன்பே கண்டோம்.

இங்கே நிகழ்ந்தது என்ன? பள்ளியில் தனித்திருந்த பிள்ளை ஒன்று. பனியில் கதவருகே நின்ற பிள்ளை ஒன்று. இரண்டும் அவர் உள்ளத்தில் ஒன்றன் அருகே ஒன்று வந்து நின்றன. 'அவனைப் போல இவன்' என்னும் எண்ணம் பிறந்தது. 'போல' என்னும் உருபை அவர் வாய் சொல்லவில்லை, உள்ளம் சொல்லிவிட்டது. ஸ்க்ரூஜ் தம் வாழ்வில் நெடுநாளைக்குப் பிறகு கண்ட முதல் உவமை இதுவே. இதனைக் காட்டியது அச்சமன்று; தம்மேல் தமக்குப் பிறந்த இரக்கம், பிறன்மேல் சென்று பாய்ந்தது.

அடுத்த படி பெசிவிக் என்னும் பழைய முதலாளியின் விருந்து. அவர் செலவிட்டது சில பவுன்களே என்று ஆவி வேண்டுமென்றே இகழ்ந்து கூறுகிறது. உடனே ஸ்க்ரூஜ் மறுக்கிறார். வேலையாளின் சுமையைக் குறைக்கவும் கூட்டவும் முதலாளியின் ஒரு சொல்லுக்கும் பார்வைக்கும் ஆற்றல் உண்டு; அவற்றைக் கூட்டிக் கணக்கிட முடியாது; அவர் தரும் மகிழ்ச்சி ஒரு பெருஞ்செல்வத்துக்கு நிகர் என்னும் கருத்துப்படப் பேசுகிறார். கணக்கே வாழ்வாகக் கொண்டவர், கணக்கில் அடங்காதது ஒன்று உண்டென்று தம் வாயாலேயே ஒப்புகிறார். அந்த நொடியில் தம் குமாஸ்தாவை நினைத்துக்கொள்கிறார். மீண்டும் ஓர் ஒப்புமை: பெசிவிக் அவர்களுக்கு எப்படியோ, நான் பாப் கிராட்சிட்டுக்கு எப்படி? பிறகு, அவரை மணக்க இருந்த பெல் என்னும் பெண், தன் இடத்தைப் பொன்னாலான தெய்வம் ஒன்று பிடித்துக்கொண்டதாகக் கூறிப் பிரிந்து செல்லும் காட்சி. உருவகம் இங்கே கத்தியைப் போல வேலை செய்கிறது.

இரண்டாம் ஆவி நிகழ்காலத்தைக் காட்டுகிறது. கிராட்சிட்டின் வீட்டில் விருந்து. வாத்து சிறியது, குடும்பம் பெரியது. ஒருவரும் குறை கூறவில்லை. மூலையில் ஊன்றுகோலோடு நலிந்த சிறுவன் டிம் அமர்ந்திருக்கிறான். இவன் பிழைப்பானா என்று ஸ்க்ரூஜ் கேட்கிறார். அதுவரை எவருடைய உயிரைப் பற்றியும் அவர் கேட்டதில்லை. ஆவி உடனே அவருடைய சொல்லையே அவருக்குத் திருப்பித் தருகிறது: இறந்தால் இறக்கட்டும், மிகையான தொகை குறையட்டும் என்கிறது. முன்னர் முகமில்லாதிருந்த 'மிகை' என்ற சொல்லுக்கு இப்போது ஒரு முகம் கிடைத்துவிட்டது. ஒரு பெயர் கிடைத்துவிட்டது. ஸ்க்ரூஜ் தலைகுனிகிறார்.

பின்னர் அந்த ஆவி தன் அங்கியின் மடிப்பை விலக்கி இரண்டு குழந்தைகளைக் காட்டுகிறது. ஒட்டிய உடம்பு, விலங்கின் பார்வை. ஆணின் பெயர் அறியாமை. பெண்ணின் பெயர் வறுமை. இரண்டுக்கும் அஞ்சுக, அறியாமைக்கு மிகுதியாக அஞ்சுக என்று ஆவி எச்சரிக்கிறது. பண்புகளை மக்களாக்கிக் காட்டும் உருவகம் இது என்று மாணவர் எழுதுவர், அது சரியே. ஆனால் கந்தல் பள்ளியில் டிக்கன்ஸ் கண்ட குழந்தைகள் உருவகங்கள் அல்லர். அவர்கள் உண்மையாகவே பசித்திருந்தனர். மேடைச் சுருக்கத்துக்காக இக்காட்சியை நீக்கிவிடுவோர் உண்டு. நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு கஞ்சன் நல்லவனான இனிய கதை. நாட்டை நோக்கி ஆசிரியர் கேட்ட வினா மறைந்துவிடும். இந்த இடத்திலும் ஸ்க்ரூஜ், இவர்களுக்குப் புகலிடம் இல்லையா என்று வினவ, சிறைகள் இல்லையா என்று அவர் முன்பு கேட்ட கேள்வியையே ஆவி விடையாகத் தருகிறது.

மூன்றாம் ஆவி பேசுவதே இல்லை. அது கைநீட்டிச் சுட்டுகிறது, அவ்வளவே. முன்னிரண்டு ஆவிகளும் விளக்கிக் கூறின. இப்போது மாணவன் தானே பொருள் காண வேண்டிய தேர்வு நாள். ஒருவன் இறந்துவிட்டான். அவனுக்காக அழுவார் இல்லை. அவன் படுக்கைத் திரையையும் திருடி விற்கின்றனர். ஸ்க்ரூஜ் அதைக் கண்டு நடுங்கி, இம்மனிதனின் நிலை எனக்கும் நேரலாம், என் வாழ்வு அத்திசையில்தான் செல்கிறது என்று உணர்கிறார். 'இவனைப் போல நான்' என்ற அளவில் அவர் உவமை கண்டுவிட்டார். ஆவியின் விரல் கல்லறைக் கல்லைக் காட்டுகிறது. அதில் அவருடைய பெயரே எழுதியிருக்கிறது. 'போல' என்னும் உருபு உதிர்ந்துவிடுகிறது, உவமை உருவகமாகிறது, 'இவனே நான்' என்று முடிகிறது. உவமைக்கும் உருவகத்துக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் விளக்க இதைவிட உருக்கமான இடம் வேறு வேண்டுமோ?

ஆகவே, மாற்றம் ஓர் இரவில் நிகழ்ந்தாலும் ஒரே தாவலில் நிகழவில்லை. முதலில் தன்னைப் போன்ற ஒரு சிறுவன். பின் தன்கீழ் உழைக்கும் ஒருவன். பின் அவனுடைய பிள்ளை. பின் பெயரறியாத இரண்டு குழந்தைகள். இறுதியில் எவரும் விரும்பாத ஒரு பிணம். ஒப்புமையின் வட்டம் படிப்படியாக அகன்று, முடிவில் தன்னிடமே திரும்பி வந்து சேர்கிறது.

விடிந்தது. கிறிஸ்துமஸ் காலை. ஸ்க்ரூஜ் படுக்கையை விட்டுத் துள்ளி எழுகிறார். அவர் வாயினின்று வரும் சொற்களைக் கேளுங்கள். தம்மை இறகுக்கு ஒப்பிடுகிறார், தேவதூதனுக்கு ஒப்பிடுகிறார், பள்ளிச் சிறுவனுக்கு ஒப்பிடுகிறார், குடித்துத் தள்ளாடுபவனுக்கும் ஒப்பிடுகிறார். ஒரே மூச்சில் நான்கு உவமைகள்! நாடகத்தின் தொடக்கத்தில் பிறர் அவர்மேல் உவமை அடுக்கினர். இப்போது அவரே தம்மேல் அடுக்கிக்கொள்கிறார். அன்று வந்த கல்லும் சிப்பியும் இழிவுபற்றி எழுந்தவை. இன்று வந்தவை காதலும் நலனும்பற்றி எழுந்தவை. ஐந்தாம் நிலைக்களத்தில் தொடங்கிய கதை முதல் நான்கினுள் வந்து முடிகிறது. பள்ளிச் சிறுவன் என்ற உவமையைத் தனியே நோக்குங்கள். தனித்திருந்து அழுத அந்தப் பழைய சிறுவன் ஒருவாறு வீடு திரும்பிவிட்டான்.

சொல் மாறியதோடு செயலும் மாறவேண்டும். இன்றேல் அணி வெறும் ஆரவாரமாகிவிடும். ஸ்க்ரூஜ் பெரிய வான்கோழி ஒன்றை வாங்கிப் பெயர் சொல்லாமல் கிராட்சிட் வீட்டுக்கு அனுப்புகிறார். நன்கொடை கேட்டு வந்தவரைத் தெருவில் கண்டு, பழைய பாக்கிகளையும் சேர்த்துக் கொடுப்பதாகக் காதோடு கூறுகிறார். மருமகன் வீட்டு விருந்துக்குச் செல்கிறார். மறுநாள் காலை குமாஸ்தா காலந்தாழ்ந்து வருகிறான். பழைய கடுமையோடு மிரட்டுவது போல் நடித்து, சம்பளத்தை உயர்த்துவதாக அறிவிக்கிறார். உடனே அவர் இடும் கட்டளை என்ன தெரியுமா? கணப்பில் நெருப்பை வளர்க்க வேண்டும். அடுத்த எழுத்தை எழுதுமுன் சென்று இன்னொரு கரிப்பெட்டி வாங்கி வரவேண்டும். தொடக்கத்தில் நினைவில் வைக்கச் சொன்ன பெட்டி இதுதான். சிக்கிமுக்கிக் கல்லில் உறங்கிய நெருப்பு இப்போது ஏழைக் குமாஸ்தாவின் கணப்பில் எரிகிறது. உவமையாகத் தொடங்கியது கரியாகவும் வெம்மையாகவும் முடிந்துவிட்டது.

சிறுவன் டிம் இறக்கவில்லை என்பதையும் ஆசிரியர் மறவாமல் சொல்லிவிடுகிறார். ஒரு முதலாளியின் மனமாற்றத்தால் ஒரு குழந்தை பிழைத்தது. ஆனால் அங்கியின் மடிப்பில் நின்ற மற்ற இரண்டு குழந்தைகள் என்ன ஆயினர் என்பதைக் கதை கூறவில்லை. அது வேண்டுமென்றே விட்டுவைத்த இடம் என்றே கொள்ளலாம். இங்கிலாந்தில் பழைய வறியோர் சட்டம் முற்றிலும் நீங்க 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூல் வெளிவந்து நூற்றைந்து ஆண்டுகள். தனிமனிதரின் ஈகை ஒரு வீட்டைக் காக்கும். எல்லா வீடுகளையும் காக்கச் சட்டமும் வேண்டும். இந்நாடகம் முதலாவதைக் காட்டி மகிழ்விக்கிறது. இரண்டாவதைக் கேட்டு உறக்கத்தைக் கெடுக்கிறது.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை உங்கள் தாளில் இரண்டு பத்திகள் வரையும்போது, நடுவே ஒரு கோட்டை மட்டும் இழுத்துவிடாதீர்கள். ஒவ்வோர் உவமைக்கும் நேரே மூன்று வினாக்களை எழுதுங்கள்: இதனைச் சொல்பவர் யார்? எந்த உள்ளநிலையில் சொல்கிறார்? சொன்ன பிறகு யார் மாறினார்? உவமையணி செய்யுளுக்கு அழகு தருவது என்று நாம் இளமையிலேயே படித்தோம். அதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு பொருளைப் போல இன்னொரு பொருளைக் காணப் பழகிய கண், ஒரு நாள் தன்னைப் போலப் பிறனையும் காணும். அவ்வாறு கண்ட பிறகு, எந்த மனிதரையும் 'மிகை' என்று சொல்ல நா எழாது.